சட்டமிட்ட பழைய காகிதப் படங்களைப் பேணுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து ஓட்டு வீடுகளின் பூசையறைகளில் ரவிவர்மா படங்களையும், குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் திருஇருதய ஆண்டவர் படங்களையும் இன்றும் காணலாம். முன்புறக் கண்ணாடியை அடிக்கடி துடைக்கும் நாம் பின்புறத்தைப் பார்ப்பதே இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில், சுவரின் ஈரம் பெரும்பாலும் பின்புற அட்டை வழியாகவே படத்திற்குள் இறங்குகிறது. ஆகவே வேலையைப் பின்புறத்திலிருந்து தொடங்குவதே முறை.

படி 1: காலமும் இடமும்

மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. அகலமான மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். படத்தின் இரு பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து வைத்தால், பின்னாளில் மாற்றங்களை ஒப்பிட உதவும்.

படி 2: சட்டத்தைத் திறத்தல்

மடித்த துண்டின் மேல் படத்தைக் குப்புற வைத்து, பின்புற ஆணிகளைச் சிறு குறட்டால் ஒவ்வொன்றாக உருவுங்கள். உளியை அட்டையின் மேல் ஊன்றி நெம்பினால் அந்த அழுத்தம் முழுவதும் கண்ணாடியில் இறங்கும். உள்ளே பலகைத் துண்டுகளோ, மடித்த செய்தித்தாளோ இருக்கக்கூடும். இரண்டு பலகைகள் சேரும் இடுக்குக்கு நேராகக் காகிதத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால், மரத்திலிருந்து கசிந்த அமிலமும் இடுக்கு வழியாகப் புகுந்த அழுக்குக் காற்றும் அதற்குக் காரணமாகலாம். பலகையையும் செய்தித்தாளையும் மீண்டும் உள்ளே வைக்க வேண்டாம். ஆனால் சட்டமிட்ட கடையின் பழைய சீட்டு ஒட்டியிருந்தால் அதைத் தனி உறையில் போட்டு வையுங்கள். படத்தின் வயதை அறிய அதைவிட நல்ல சான்று பல வீடுகளில் கிடைப்பதில்லை.

இழுக்காமலே படம் கண்ணாடியிலிருந்து விலகினால் மேலே செல்லலாம். எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், பிளேடையோ தண்ணீரையோ நாடாமல், கண்ணாடியோடு சேர்த்தே வல்லுநரிடம் கொண்டுசெல்லுங்கள்.

படி 3: தூசியும் பூஞ்சையும்

மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, அழுத்தாமல் தூசியைத் தள்ளுங்கள். வண்ணம் செதிலாக எழும்பியிருக்கும் இடத்தையும், சரிகை ஒட்டி அலங்கரித்த இடத்தையும் தொட வேண்டாம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் எண்ணெய் கலந்த மையால் அச்சிடப்பட்டவை என்பதால் தண்ணீரைத் தாங்கும் என்று சிலர் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். மை தாங்கினாலும் அடியிலுள்ள காகிதம் தாங்காது.

பூஞ்சைக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அது வளரத் தொடங்கும். ஈரமாக இருக்கும்போது தொட்டால் காகிதத்தில் இழுபட்டுப் படிந்துவிடும். எனவே வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் படத்தை உலரவிட்டு, அது பொடியான பிறகே, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் நீக்குங்கள். டெட்டாலும் ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். வேப்பிலையைப் படத்தோடு வைப்பதும் வேண்டாம். பச்சை இலையின் ஈரமும் கறையும் காகிதத்தில் ஏறும். பழுப்புப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடுங்கள்; அவை போகவேண்டும் என்ற ஆசையே பல படங்களைக் கெடுத்திருக்கிறது.

படி 4: கிழிசல்

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகிக் காகித இழைகளுக்குள் ஊறிவிடும். வல்லுநர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும், பசையம் (குளூட்டன் எனும் ஒட்டும் புரதம்) நீக்கிய கோதுமை மாச்சத்தைக் காய்ச்சிய பசையையும் பயன்படுத்துகிறார்கள். தேவைப்பட்டால் ஈரமூட்டி அதை மீண்டும் பிரித்துவிடலாம். பழகாதவர்கள் கிழிசலை அப்படியே விட்டு, அமிலமற்ற தாளுறையில் படத்தை வைத்தாலே போதும். லேமினேஷன் செய்வது மட்டும் கூடவே கூடாது. அதைப் பிரிக்க முயன்றால் படமும் சேர்ந்து உரிந்துவரும்.

படி 5: மீண்டும் சட்டமிடுதல்

அமிலமற்ற அட்டையின் மேல் படத்தை வைத்து, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள் கீல்களால் (கதவுக் கீல்போல் மடித்து ஒட்டும் தாள் பட்டைகளால்) பிணையுங்கள். ஈரத்திற்கேற்பக் காகிதம் விரிந்து சுருங்குவதால் நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாக நெளியும். நடுவே சன்னல்போல் வெட்டியெடுக்கப்பட்ட மற்றோர் அட்டையை முன்னால் வைத்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கிய வெளிச்சமே தருகின்றன. வீட்டில் நேர்வெயிலும், படத்தை ஒட்டிய விளக்கும் சாம்பிராணிப் புகையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது.

கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள். வெள்ளத்தில் நனைந்த படத்தில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கலாம் என்பதால், உடனே சட்டத்திலிருந்து எடுத்து, ஒற்றுத்தாளின் மேல் கிடத்தி, நேராகப் படாத மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஈரமாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மட்டும் பிரிக்காமல் கண்ணாடி கீழே இருக்கும்படி கிடத்தி வையுங்கள். உங்களால் இயலாத வேலைக்கு எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து இயங்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலோசனை கேட்டுப் பார்க்கலாம்.