பீட்டில் காருக்கு டேப்பட் செட்டிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் பின்னாலிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்டால் பதறுவார்கள். எனக்கு பயம் சத்தமே கேட்காதபோதுதான். டேப்பட் செட்டிங் என்றால் வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியைச் சரிசெய்வது. அது கூடினால் சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவே. இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு, மூடும்போது உட்கார வேண்டிய வளையமான சீட்டில் முழுதாக உட்காராது. வால்வின் சூடு பெரும்பாலும் இறங்குவது சீட் வழியாகத்தான் என்பதால், உட்காராத எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு கருகிப்போகும். அதனால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்துவிடுவேன்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), 13 மி.மீ. ரிங் ஸ்பேனர் (பழைய இன்ஜின்களில் 14), நுனி மழுங்காத தட்டை ஸ்க்ரூடிரைவர், இன்ஜினைக் கையால் சுற்ற டைனமோ புல்லி நட்டுக்கு 21 மி.மீ. ஸ்பேனர், இரண்டு புது வால்வு கவர் கேஸ்கட், சாக்பீஸ், ஆயில் பிடிக்க ஒரு தட்டு.

1. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கட்டும். கியர் நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

2. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் வலது பக்கம் முன்னால் இருப்பது சிலிண்டர் 1, உங்களுக்குக் கிட்டே இருப்பது 2. இடது பக்கம் அதேபோல் 3, 4. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டார் டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் விளிம்பில் உள்ள சின்ன வெட்டைப் பார்க்கும்வரை இன்ஜினைச் சுற்றுங்கள். கிராங்க் புல்லியின் (கீழே உள்ள பெரிய புல்லி) குறி, இன்ஜின் உடலான கிராங்க்கேஸின் இரு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேரே வரும். புல்லியில் அதற்கு நேர் எதிரே சாக்பீஸால் ஒரு கோடு.

3. வால்வு கவரைப் பிடித்திருக்கும் கம்பியைக் கீழே தள்ளிக் கழற்றுங்கள், ஆயில் சொட்டும். ஒவ்வொரு பக்கத்து ஹெட்டிலும் (வால்வுகள் இருக்கும் பகுதி) ஓரத்து இரண்டும் எக்ஸாஸ்ட், நடு இரண்டும் இன்டேக் (கலவை உள்ளே வரும் வால்வு).

4. முதலில் 1-ஆம் சிலிண்டரின் வால்வுகள். பிந்தைய இன்ஜின்களுக்கு இரண்டு வால்வுக்கும் இடைவெளி 0.15 மி.மீ. பழைய சில கையேடுகளில் 0.10 இருக்கும். எதையும் தொடுமுன் இப்போதைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ராக்கர் கையின் நுனியில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் தகட்டை இடைவெளியில் விட்டு, நட்டின் நடுவே உள்ள ஸ்க்ரூவைத் திருப்புங்கள். கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவுகிறபோது லேசாகப் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு போதும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். ஸ்க்ரூடிரைவரை விடாமல் பிடியுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளந்தால் மாறியிருக்கும். ஆரம்பத்தில் ஒரு வால்வுக்கு நாலைந்து தடவை ஆகும், எரிச்சல்படாதீர்கள். 0.20 தகடு நுழையவே கூடாது.

5. இனி இன்ஜினைப் பின்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராக, சாக்பீஸ் கோடு சேர்கோட்டுக்கு வரும்வரை அரைச் சுற்று; அடுத்த சிலிண்டருக்கும் இதேபோல். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-4-3-2. திருப்பிச் சுற்றினால் 1, 2, 3, 4 என்று வரிசையாக வந்துவிடும், மனப்பாடம் வேண்டாம்.

6. கவர்களைத் துடைத்து, புது கேஸ்கட்டோடு மாட்டுங்கள். பழையதே போதும் என்று ஒருமுறை மாட்டினேன். மறுநாள் காலை வண்டிக்கடியில் சின்னக் குளம்.

குறித்து வைத்த அளவில் 3-ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட்டைத் தனியாகக் கவனியுங்கள். பழைய ஃபேன் கூண்டில் ஆயில் கூலர் உள்ளேயே நின்று 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் குளிர்காற்றை மறைப்பதால் அதற்குத்தான் சூடு அதிகம். எந்த வால்வும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி சுருங்கியே இருந்தால் திரும்பத் திரும்ப செட் பண்ணாதீர்கள். வால்வு தண்டு நீள்கிறது அல்லது சீட் அமிழ்கிறது. ஹெட்டை இறக்கிப் பார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.