வீட்டுக் காற்று: முதலில் இயந்திரம் வாங்காதீர்கள்

காலையில் எழுந்ததும் வரும் இருமல் இரண்டு மாதமாகியும் விடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கிப் படுக்கையறை மூலையில் வைத்தேன். கூடவே காற்றின் தரத்தை அளக்கும் உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. இன்று யோசித்தால், முதலில் வாங்கியிருக்க வேண்டியது அந்த மீட்டரை மட்டும்தான். வீட்டுக்குள் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வடிகட்டியை ஓட்டுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

மீட்டரில் நான் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று பிஎம் 2.5. அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழேயும் உள்ள நுண்துகள். ஒரு தலைமுடியின் தடிமனில் இப்படிப்பட்ட துகள்கள் இருபது முப்பதை வரிசையாக அடுக்கிவிடலாம். அதனால்தான் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வரம்பின்படி, ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் இது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அறைக்குள் 1000-ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று பொருள்.

மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீடு முழுக்க அலைந்தேன். அடுப்பில் எண்ணெய் காயும்வரை ஒன்றுமில்லை. பொரிக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் பிஎம் 2.5 எண் மூன்று இலக்கத்துக்குத் தாவியது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமான பிறகும் கூடத்தில் அது இறங்கவில்லை. இத்தனைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சத்தம் வந்தால் வேலை செய்கிறது என்று நம்பியது என் தப்பு. ஒரு டிஷ்யூ தாளை ஃபேனின் வலைமேல் வைத்துப் பாருங்கள். காற்றை இழுக்கிற ஃபேன் தாளைப் பிடித்துக்கொள்ளும். என் தாள் நேராகக் கீழே விழுந்தது. ஏணி போட்டு ஏறினால், வெளிப்பக்கத் தகடுகள் பிசுக்கு ஏறி ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. சூடான சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியுமாக அரை நாள் போனது. அதன் பிறகு தாள் ஒட்டி நின்றது. அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைத்திருப்பவர்களும் இதே சோதனையைச் செய்யுங்கள். புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிற வகை என்றால், எரிவாயு எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயுவை அகற்ற அதனால் பெரிய பலன் கிடையாது. ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இப்போது என் பழக்கம் இது: பற்றவைக்கும் முன்பே ஃபேன், கூடியமட்டும் பின்பக்க அடுப்பு (புகைபோக்கி அங்கேதான் நன்றாக இழுக்கும்), சமைத்து முடித்தபின் இன்னும் கால் மணி நேரம் ஃபேன். அப்புறம், எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வெளியே புகைமூட்டமாக இருக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, பொரிப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறேன்.

எரிகிற மற்றவற்றையும் கணக்கில் சேருங்கள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலுக்கு வலை அடித்து, சுருளை விட்டுவிட்டேன். வாசனை மெழுகுவர்த்தியும் போயிற்று. சிகரெட்டைப் பற்றி என்ன சொல்ல, வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

சரி, படுக்கையறை. அங்கே பிஎம் 2.5 யோக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய மறுநாள் காலை கார்பன் டை ஆக்சைடு 2000-ஐத் தாண்டியிருந்தது. கதவை ஒரு சாண் திறந்து வைத்தாலே பாதியாகக் குறைகிறது. அந்த எண்ணால் மட்டும் ஆபத்து இல்லை. ஆனால் நாம் விட்ட மூச்சு போகாமல் அங்கேயே நிற்கிறது என்றால் மற்றதும் நிற்கும். எங்கள் அறையில் நின்ற அந்த மற்றது, புது அலமாரியின் வாசனை. மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்யும் பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு கசியும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். துகள் மீட்டர் இதைக் காட்டாது. அலமாரியைக் காலி செய்து, காற்றோட்டமான வேறு அறையில் கதவுகளைத் திறந்தபடி சில வாரம் விட்டேன். அறுத்த விளிம்புகள் மூடாமல் விட்ட இடங்களில் வார்னிஷ் பூசினேன். வாசனை வெகுவாகக் குறைந்தது.

அலமாரியை நகர்த்தியபோதுதான் அடுத்தது தெரிந்தது: பின்சுவரில் ஒரு தட்டு அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சை. வெளிச்சுவரோடு ஒட்டி வைத்ததால் அங்கே காற்றே போகவில்லை. மாஸ்க், கையுறை போட்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாக உலர்த்தினேன். அலமாரி இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பூஞ்சைக்கும், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கும் பிடிக்காது. எங்காவது தண்ணீர் கசிந்தால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் பியூரிஃபையர். பெட்டியில் சிஏடிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது அது. 12-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்றால் ஏறக்குறைய 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தமாக 170 வேண்டும். நான் முதலில் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. ஓசோன் உமிழும் கருவி எதையும் வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும்.

செடிகளை நம்பியவர்களில் நானும் ஒருவன். ஜன்னலோரம் ஆறு தொட்டி வைத்திருக்கிறேன். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துத் தொட்டியாவது வேண்டும் என்று 2019-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்லிவிட்டது. அழகுக்காக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, மீட்டரில் தெரியாத, மூக்குக்கும் எட்டாத ஒன்று: கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்கொல்லி வாயு. எரிவாயு, கரி, விறகு எது வீட்டுக்குள் எரிந்தாலும், தூங்கும் அறைக்குப் பக்கத்தில் இதற்கென்று உள்ள அலாரம் ஒன்றை மாட்டுங்கள். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய வருடத்தைப் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். நான் அதைப் பெரிய எழுத்தில் முன்பக்கத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.