பழைய பஞ்ச் கார்டு கட்டை மலைவீட்டில் காத்து, வரிசைப்படுத்திப் படிப்பது எப்படி?

கணினிக்கான நிரலையும் தகவலையும் தாள் அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்த பஞ்ச் கார்டு காலத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் நீலகிரியில் குடியேறிய பெரியவர் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் கார்டுக் கட்டு ஏதேனும் கிடைத்தால், அதைத் தயவுசெய்து பழைய பேப்பர்க் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்நாளைய ஊழியர்கள் வேலையைச் சுலபமாக்கக் கையாண்ட உபாயங்கள் தெரிந்தால், இயந்திரமே இல்லாமல் அதை ஒழுங்குபடுத்திப் படித்துவிடலாம்.

கட்டைப் பிரிக்க ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த நாட்களே ஏற்றவை. கார்டின் தடிமன் 0.007 அங்குலம்தான், ஈரத்தை இழுத்தால் ஊதி, ஓரம் வளைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்குள் மூடுபனி புகும் நாட்களில் அதைத் தொடவே வேண்டாம். ஹீட்டர் அருகே வைத்து உலர்த்தவும் கூடாது. இறுகி ஒட்டிய ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

அடுத்து, கார்டுகளைச் சேர்த்து நிறுத்தி, கட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். கட்டு கைதவறி விழுந்து சிதறினால் மீண்டும் அடுக்குவதற்காக, அங்கே மூலைக்கு மூலை மார்க்கரால் சாய்கோடு ஒன்று இழுத்து வைப்பது வழக்கம். கோடு நேராக ஓடினால் வரிசை சரி. இடையில் கோடு படாத கார்டு ஒன்று தென்பட்டால், அது பின்னால் திருத்தி எழுதிச் செருகப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். என் கருத்தில் கட்டிலேயே மதிப்புமிக்க கார்டுகள் இவைதாம், ஏனெனில் எழுதியவர் எந்த இடத்தில் மனம் மாறினார் என்பதை அவை காட்டுகின்றன.

கோடு இல்லாவிட்டால் வரிசை எண்ணைத் தேடுங்கள். 80 பத்திகள் (இடமிருந்து வலமாக எண்ணப்படும் செங்குத்து வரிசைகள்) கொண்ட கார்டில், ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி 73 முதல் 80 வரையுள்ள பத்திகளைக் கண்டுகொள்ளாது என்பதால், அங்கே எண்ணைத் துளையிட்டு வைத்தார்கள். நடுவே புதிய வரி சேர்க்க இடம் வேண்டும் என்று பத்துப் பத்தாக எண்ணிட்டவர்களும் உண்டு. 80ஆம் பத்தியின் இலக்கப்படி பத்துக் குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு கார்டையும் குவியலின் பின்னால் வைத்து, குவியல்களை 0 முதல் 9 வரை ஒழுங்கு கலையாமல் சேர்த்து, பிறகு 79, 78 என இடப்பக்கம் நகருங்கள். 80ஆம் பத்தியில் எல்லாமே 0 என்றால் அந்தச் சுற்றே தேவையில்லை.

மேல்விளிம்பில் எழுத்து அச்சாகாத கார்டுகளைத் துளை பார்த்தே படிக்கலாம். 0 முதல் 9 வரை அச்சிட்ட கிடைவரிசைகளுக்கு மேலே அச்சில்லாத இரண்டு வரிசைகள் உண்டு. உச்சியில் உள்ளது 12, அதன் கீழ் 11. ஒரு பத்தியில் 0 முதல் 9 வரையுள்ள வரிசைகளில் ஒற்றைத் துளை மட்டும் இருந்தால் இலக்கம். 12உடன் 1 முதல் 9 வரை சேர்ந்தால் ஏ முதல் ஐ வரை. 11உடன் சேர்ந்தால் ஜே முதல் ஆர் வரை. 0உடன் 2 முதல் 9 வரை சேர்ந்தால் எஸ் முதல் இசட் வரை. கறுப்புத் தாள்மேல் வைத்துப் படம் எடுத்தால் துளைகள் தெளிவாகத் தெரியும்.

படித்து முடித்ததும் முதல், கடைசி எண்களைத் தாள்பட்டையில் எழுதிக் கட்டைச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில், கார்டுகள் வளையாதபடி நெருக்கி நிறுத்தி வையுங்கள்.