பிளஸ் டூ வரலாறு: ஆண்டுகள் குழம்பாமல் படிக்க ஒரு காலண்டர் தாள் முறை

பிளஸ் டூ காலாண்டுத் தேர்வில் நான் எழுதிய ஒரு வரி இன்னும் மறக்கவில்லை. 'வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்ததைக் கண்டித்துத் திருநெல்வேலி மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.' பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் எழுதியது! டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'எழுச்சி மார்ச், தண்டனை ஜூலை' என்று ஓரத்தில் குறித்திருந்தார். இரண்டும் 1908தான். ஆண்டு சரி, மாதம் தெரியவில்லை. அதனால் காரணமே தலைகீழாகிவிட்டது. அரையாண்டுக்குள் இதைச் சரிசெய்ய நான் பிடித்துக்கொண்ட வழி இது. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

தேவையான பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. பாடப்புத்தகம், பென்சில், கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாள்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாளாகப் பாருங்கள். கைடு வேண்டாம். கைடில் விடை இருக்கும், அதற்கு முன் என்ன நடந்தது என்பது இருக்காது.

முதல் படி. பாடத்தை ஒருமுறை முழுக்க வாசித்துவிட்டு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தாள் என்று எழுதுங்கள். மேலே நிகழ்ச்சி. அதன் கீழே 'ஏன்?' என்று போட்டு ஒரே ஒரு வரி. கீழ் மூலையில் ஆண்டும் மாதமும். எழுதியதும் அந்த மூலையை மடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி. தாள்களைக் கலைத்து, மூலையைப் பிரிக்காமல் தரையில் வரிசையாக அடுக்குங்கள். 'ஏன்?' வரியை வைத்துத்தான் எது முன், எது பின் என்று முடிவு செய்ய வேண்டும். அடுக்கி முடித்த பிறகு மூலையைப் பிரித்துச் சரிபாருங்கள். ஆனி, ஆடியில் நம் ஊர்க் காற்று தாளை நிற்கவிடாது. தாளுக்கு ஒரு புளியங்கொட்டை போதாது, கூழாங்கல்லே வையுங்கள்.

மூன்றாம் படிதான் நமக்கென்று வாய்த்தது. சுதேசி இயக்கப் பாடத்தில் பாதி நம் மண்ணில் நடந்தது. முதலில் அக்டோபர் 16 என்ற ஒரே தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1905இல் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது அந்த நாளில். அடுத்த ஆண்டு அதே நாளில் தூத்துக்குடியின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் அக்டோபர் 16தான். அவர் கதை பிளஸ் ஒன் பாடம். ஆனாலும் கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு இந்தத் தேதி மறக்காது.

அப்புறம் 1908. பிப்ரவரிக் கடைசியில் தூத்துக்குடியின் கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம் தொடங்குகிறது. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகிறார்கள். மறுநாள் திருநெல்வேலி பொங்கி எழுகிறது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போகின்றன. ஜூலையில் தண்டனை. இந்த நான்கு தாள்களையும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்க முடிந்தால், நான் செய்த தப்பை நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்கு ரயிலில் போகும்போது, வாஞ்சி மணியாச்சி போர்டைக் காட்டி அப்பா கேட்டார்: "ஆஷ் இங்க செத்தது எந்த வருசம்?"

"1911, ஜூன் 17" என்றேன் பெருமையாக. திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற நாள் அது.

"அன்னைக்கு வ.உ.சி. எங்கட்டி இருந்தாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிறையில் இருந்தார். வெளியே வந்தது 1912 டிசம்பரில். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளிலும் 'அப்போது யார் எங்கே?' என்றும் ஒரு வரி சேர்த்தேன். பாடம் மனத்தில் ஒட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நான்காம் படி, கூற்று–காரணம் கேள்விகள். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரு மார்க் கேள்விகள் 20. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குவது இந்த வகையில்தான். இரண்டு வாக்கியமும் சரியாக இருந்தால் உடனே 'காரணம் கூற்றை விளக்குகிறது' என்று போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். இதற்கு ஒரு சோதனை உண்டு: நடுவில் 'ஏனென்றால்' என்ற சொல்லை வைத்து உரக்கப் படியுங்கள்.

'1908 மார்ச் 13இல் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஏனென்றால் 1906இல் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது.' காதுக்கே இடிக்கிறதா? இரண்டும் உண்மை, ஆனால் ஒன்று மற்றதை விளக்கவில்லை. காரணத்தில் 'தலைவர்கள் கைது செய்யப்பட்டனர்' என்று இருந்தால் பொருந்தும். தேர்வறையில் உரக்கப் படிக்க முடியாது, உதட்டை அசைத்தால் போதும்.

ஐந்து மார்க் விடைக்குத் தனியாக உழைக்க வேண்டாம். அடுக்கிய தாள்களை வரிசையாக எழுதினாலே விடை வந்துவிடும். 'ஏன்?' வரிகளை விட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: இதைச் செய்து பார்த்த ஒரு தம்பி, தேதியைத் தாளின் அச்சடித்த பக்கத்தில் எழுதிவிட்டான். அதில் ஏற்கெனவே ஒரு தேதி பெரிதாக இருக்கிறது! இரண்டும் கலந்து, கோரல் மில்லுக்கு ஆவணி மாதத்தைச் சொன்னான். ஆகவே எழுதுவது பின்பக்கம் மட்டும். இன்னும் குழம்பினால் குயர் நோட்டுத் தாளைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: 'உலக வரலாற்றுக்கு நம் ஊரை எங்கே போய்த் தேடுவது?' என்று பலர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குத் தாள்களை இரண்டு வரிசையாக அடுக்குங்கள். இடப்பக்கம் இந்தியா, வலப்பக்கம் உலகம். 1799ஐ வைத்துத் தொடங்கலாம். மே மாதம் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்கிறார், அக்டோபரில் கயத்தாறு, நவம்பரில் பாரிசில் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்கிறார். அடுத்து 1917: இந்தப் பக்கம் காந்தியின் சம்பாரண் சத்தியாகிரகம், அந்தப் பக்கம் ரஷ்யப் புரட்சி. இரண்டு வரிசைக்கும் இடையே ஒரு சாண் இடம் விடுங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு தெரியும்போது அங்கே ஒரு கோடு இழுக்கலாம். திப்புவுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடுவில் முதல் கோட்டைப் போட்டுப் பாருங்கள்.