டோஸ்ட்டில் படம் வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆண்ட்ராய்டில் "சேமிக்கப்பட்டது", "காப்பி ஆனது" என்று திரையின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிற சின்னச் செய்திதான் டோஸ்ட். அதில் ஒரு பச்சை டிக், ஆப்பின் லோகோ, கார்ட்டில் போட்ட பொருளின் படம் என்று எதையாவது சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று நெட்டில் தேடினால் உடனே ஒரு கோடு கிடைக்கும்: ஒரு எக்ஸ்எம்எல் லேஅவுட் (திரை அமைப்பு), அதற்குள் படத்துக்கு ஒரு இமேஜ்வியூ, எழுத்துக்கு ஒரு டெக்ஸ்ட்வியூ, கடைசியில் அந்த லேஅவுட்டை டோஸ்ட்டுக்குள் வைக்கிற செட்வியூ, திரையில் காட்டுகிற ஷோ, அவ்வளவுதான், பத்து வரியில் வேலை முடிந்தது. அந்தக் கோடு பெரும்பாலும் 2020-க்கு முன்னால் எழுதியது. அதை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-ல், அதாவது ஏபிஐ 30-ல் (ஒவ்வொரு ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்கும் ஒரு ஏபிஐ எண் உண்டு), செட்வியூவை கூகுள் டெப்ரிகேட் செய்துவிட்டது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஆப் திரையில் திறந்திருக்கும்போது இன்றைக்கும் அது வேலை செய்யும், சிக்கலே அங்குதான். நீங்கள் டெஸ்ட் செய்யும்போது ஆப் எப்போதும் கண் முன்னால்தான் இருக்கும், படத்தோடு டோஸ்ட் அழகாக வரும், சரி என்று ரிலீஸ் செய்துவிடுவீர்கள். பயன்படுத்துகிறவர் ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் போட்டுவிட்டு ஹோம் பட்டனை அழுத்தி வாட்ஸ்அப் பார்க்கப் போயிருப்பார். டவுன்லோட் முடியும், உங்கள் கோடு ஷோவைக் கூப்பிடும், திரையில் ஒன்றும் வராது. கிராஷ் இல்லை, எக்செப்ஷன் இல்லை, டெவலப்பர் பார்க்கிற லாக்கேட் பதிவில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் கிடக்கும். வெறும் எழுத்து மட்டும் உள்ள டோஸ்ட் என்றால் பின்னணியிலிருந்தும் வரலாம், சொந்த லேஅவுட் வைத்தது வராது.

கூகுள் ஏன் இப்படிச் செய்தது? டோஸ்ட்டுக்குள் எந்த வியூவை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால், முழுத் திரையையும் மறைக்கிற ஒரு போலித் திரையையும் வைக்கலாம். 2017-ல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். மற்ற ஆப்புகளின் மேல் வரைய அனுமதி எதுவும் கேட்காமலேயே டோஸ்ட்டை வைத்து பயனரை ஏமாற்றி, அவர் அழுத்தக் கூடாத பட்டனை அழுத்த வைக்க முடிந்தது. 8.0-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு எல்லாமே அதில் மாட்டியது. ஆக, டோஸ்ட் இனி உங்கள் பொருள் அல்ல, சிஸ்டத்தின் பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

செட்வியூ வேண்டாம் என்று இன்னொரு குறுக்கு வழியில் போகிறவர்களும் உண்டு. மேக்டெக்ஸ்ட் கொண்டு சாதாரண டோஸ்ட்டை உருவாக்கி, கெட்வியூ மூலம் அதன் உள் வியூவை எடுத்து, அதில் ஒரு இமேஜ்வியூவைச் சொருகுவார்கள். டார்கெட் ஏபிஐ (ஆப் எந்த வெர்ஷனுக்காக எழுதப்பட்டது என்று சொல்கிற எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ள ஆப், ஆண்ட்ராய்டு 11-லோ அதற்கு மேலோ ஓடினால் கெட்வியூ நல்தான் (ஒன்றுமில்லை என்பதைத்தான்) கொடுக்கும், ஆப் அங்கேயே விழுந்துவிடும். டோஸ்ட்டின் இடத்தை மாற்றுகிற செட்கிராவிட்டி, செட்மார்ஜின் இரண்டும் அதே நிலைமையில்தான்: எழுத்து டோஸ்ட்டில் கூப்பிட்டால் எர்ரரும் வராது, இடமும் மாறாது. டார்கெட்டை 29-லேயே வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புது ஆப் போட குறைந்தது ஏபிஐ 35 டார்கெட் வேண்டும், அந்தக் கதவும் மூடியாகிவிட்டது.

நேரம் விஷயத்தில் ஒரு பழைய குழப்பம். டூரேஷன் இடத்தில் 5000 என்று கொடுத்தால் ஐந்து நொடி நிற்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லெங்த் ஷார்ட் என்பது 0, லெங்த் லாங் என்பது 1, இவை வெறும் அடையாள எண்கள், மில்லிசெகண்ட் அல்ல. 1 கொடுத்தால் 3.5 நொடி, வேறு எதைக் கொடுத்தாலும் 2 நொடிதான். ஆக உங்கள் 5000-க்குக் கிடைப்பது 2 நொடி. இந்த இரண்டு நொடிக்குள் இன்டர்நெட்டிலிருந்து படத்தைக் கொண்டுவந்து காட்டப் பார்ப்பது இன்னொரு வீண் வேலை. நல்ல வைஃபையில் வரும், பஸ்ஸில் போகிறவருக்கு வெறும் சாம்பல் கட்டம்தான் வந்து போகும். படம் கையில், அதாவது ஆப்புக்குள்ளேயோ முன்பே இறக்கி வைத்த கேஷிலோ, இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

படத்தின் அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கம் போய்விடும். டிசைனர் கொடுத்த 1080-க்கு 1080 பிக்சல் பிஎன்ஜியை அப்படியே, ஆப்பின் படங்கள் இருக்கும் டிராயபிள் ஃபோல்டரில் போடுகிறீர்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் மெமரியில் அது சுமார் 4.7 எம்பி. ஆனால் பெயரில் எந்த அடைமொழியும் இல்லாத டிராயபிள் ஃபோல்டரை ஆண்ட்ராய்டு எம்டிபிஐ, அதாவது அடிப்படை அடர்த்தித் திரைக்கானது, என்றே எடுத்துக்கொள்ளும். பிக்சல் அடர்த்தி அதன் மும்மடங்கான எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ போனில் நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்காகப் பெருக்கும். ஒன்பது மடங்கு, கிட்டத்தட்ட 42 எம்பி. எதற்கு? 24 டிபி (திரையின் அடர்த்திக்கு ஏற்ப மாறுகிற அலகு) அளவில் இரண்டு நொடி தெரியப்போகிற ஒரு டிக் குறிக்கு! எந்த அளவுக்கும் விரிகிற வெக்டர் டிராயபிளாக மாற்றுங்கள், அல்லது ஒவ்வொரு டென்சிட்டிக்கும் தனி அளவில் வையுங்கள். போட்டோவாகத்தான் வேண்டும் என்றால் காட்டப்போகிற அளவுக்குச் சுருக்கியே லோட் செய்யுங்கள்.

பட்டனை ஐந்து முறை தட்டினால் ஐந்து டோஸ்ட்டும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வரும், பயனர் வேறு பக்கத்துக்குப் போன பிறகும் வந்துகொண்டே இருக்கும். முந்தையதை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு புதியதைக் காட்டும் முன் கேன்சல் செய்யுங்கள். கம்போஸில் (திரையை எக்ஸ்எம்எல் இல்லாமல் கோடிலேயே எழுதுகிற புது முறை) எழுதுகிறவர்கள் டோஸ்ட்டை கம்போசபிளின், அதாவது திரையின் ஒரு பகுதியை வரைகிற ஃபங்ஷனின், உடலுக்குள் நேராகக் கூப்பிடக் கூடாது, ஒவ்வொரு ரீகம்போசிஷனுக்கும் (மறுபடி வரைதலுக்கும்) அது மறுபடி வரலாம். கிளிக் நடக்கிற இடத்திலோ, ஒவ்வொரு மறுவரைதலுக்கும் ஓடாத லாஞ்ச்டுஎஃபெக்ட்டுக்குள்ளோ வையுங்கள்.

அப்புறம் படத்தை எங்கேதான் வைப்பது? உங்கள் சொந்தத் திரைக்குள். திரையின் அடியில் ஆப்பே காட்டுகிற செய்திப் பட்டையான ஸ்நாக்பார் இதற்கென்றே இருக்கிறது. பழைய வியூ முறையில் ஸ்நாக்பாரின் டெக்ஸ்ட்வியூவைப் பிடித்து காம்பவுண்ட் டிராயபிளாக (எழுத்தோடு ஒட்டி வருகிற படமாக) ஒரு ஐகானை முன்னால் ஒட்டினால் போதும், தனி லேஅவுட்கூட வேண்டாம். கம்போஸில் இன்னும் சுலபம்: ஸ்நாக்பாரில் என்ன தெரியவேண்டும் என்று சொல்கிற ஸ்நாக்பார்விஷுவல்ஸ் இன்டர்ஃபேஸை வைத்து உங்கள் கிளாஸ் ஒன்றை எழுதி, அதில் படத்துக்கு ஒரு ஃபீல்டு சேருங்கள், ஷோஸ்நாக்பாருக்கு அதைக் கொடுங்கள், ஸ்நாக்பார்ஹோஸ்ட்டின் லாம்டாவில் (அதற்குக் கொடுக்கிற கோடுத் துண்டில்) அந்த ஃபீல்டை எடுத்து விருப்பம்போல வரையுங்கள். நேரமும் உங்கள் கையில், "ரத்து செய்" என்று ஒரு பட்டனும் வைக்கலாம், டோஸ்ட்டில் அது நடக்காது. ஆப் பின்னணியில் இருக்கும்போது படத்தோடு சொல்லவேண்டிய செய்தி என்றால் அதற்கு நோட்டிஃபிகேஷன்தான், ஆண்ட்ராய்டு 13 முதல் அனுமதி கேட்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். இல்லை, டோஸ்ட்டேதான் வேண்டும், கொஞ்சம் நிறம் இருந்தால் போதும் என்றால் எழுத்தோடு ஒரு எமோஜியைச் சேர்த்துவிடுங்கள். கொஞ்சம் மலிவான தந்திரம்தான், ஆனால் செட்வியூ போல உடையாது.

ஆண்ட்ராய்டு 12 முதல், அதை டார்கெட் செய்கிற ஆப்பின் எழுத்து டோஸ்ட்டில் ஆப் ஐகானை சிஸ்டமே பக்கத்தில் வைக்கிறது, எழுத்தும் இரண்டே வரிதான். தமிழில் செய்தி எழுதுகிறவர்களை இது நன்றாகவே கடிக்கும். "உங்கள் கோப்பு வெற்றிகரமாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டு நினைவகத்தில் சேமிக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு, எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் போனில் பார்த்தால் வினைச்சொல்லே வெட்டுப்பட்டிருக்கும், சேமித்ததா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. "கோப்பு சேமிக்கப்பட்டது" போதாதா? ஸ்நாக்பாரிலும் உயரத்தை இத்தனை டிபி என்று பூட்டி வைக்காதீர்கள், கொம்பும் சுழியும் மேலும் கீழும் அறுபடும்.

படத்தை மட்டும் வைத்து, எழுத்தே இல்லாமல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டுவது வேண்டவே வேண்டாம். திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் வைத்திருக்கிறவருக்கு அது மௌனம், மற்றவர்களுக்கு விடுகதை. எழுத்து சொல்வதையேதான் படமும் சொல்கிறது என்றால் படத்தின் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனை (டாக்பேக் வாசிக்கிற விவரிப்பை) கம்போஸில் நல் என்று விடுங்கள், இல்லாவிட்டால் டாக்பேக் ஒரே சேதியை இரண்டு தடவை வாசிக்கும்.