வீட்டைப் படம் எடுக்க ஜன்னல் போதும்

பன்னிரண்டாவது முடிந்துவிட்டது, ஜூலையில் ஹாஸ்டல். அதற்குள் வீட்டைப் போனில் பிடித்து வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். முதல் நாள் எல்லாம் சொதப்பல். அம்மா முகம் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்.

விளக்கொளியும் ஜன்னல் வெளிச்சமும் வேறு வேறு நிறம்; கலந்தால் போன் குழம்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, எடுக்கப்படுபவருக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வருகிற மாதிரி நில்லுங்கள். லென்ஸைப் பழைய பனியன் துணியால் துடையுங்கள் (சமையலறையில் புழங்கும் போன் என்றால் கட்டாயம்). அப்புறம் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அப்படியே நிற்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தோலின் நிறம் வெளுக்காது.

நிலைக்கதவில் அப்பா என் உயரத்துக்குப் பென்சில் கோடு போட்டு வந்திருக்கிறார். ஃபிளாஷ் அடித்தால் வார்னிஷ் பளபளப்புதான் விழுந்தது. காலை ஏழரைக்கு வெயில் சாய்வாகப் பட்டபோது எடுத்தேன். 2012 என்று எழுதிய முதல் கோடு இப்போது என் இடுப்பளவுதான். பக்கத்தில் தங்கை ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கிய பூனையும் விழுந்திருக்கிறது.