காஸ் அடிக்க முதல் ஹீற்றரைப் பாருங்கள்: பிரிட்ஜ் திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே பிரீசரில் மீன் நன்றாக உறைந்து கிடக்கிறது. கீழ்த்தட்டில் பால் திரைந்து போகிறது, கறி புளிக்கிறது. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு பிரிட்ஜ் இருந்தால் அயலட்டை முழுக்கச் சொல்வது ஒன்றுதான்: "காஸ் முடிஞ்சுது போல." ஒருவர் வருவார், காஸ் அடிப்பார், காசு வாங்குவார். ஒரு கிழமை, பத்து நாள் நல்லாக வேலை செய்யும். பிறகு பழையபடி பால் திரையும்.

அந்த ஒரு கிழமையைத் தந்தது புதுக் காஸ் அல்ல. வேலைக்காக பிரிட்ஜை நிற்பாட்டி வைத்த நேரத்தில் உள்ளே இறுகிக் கிடந்த ஐஸ் உருகியதுதான். நிற்பாட்டிப் போட்டால் சுகம், போட்டுச் சில நாளில் திரும்ப வருத்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐஸ் உருக்கும் ஹீற்றரையும் அதோடு சேர்ந்த பாகங்களையும்.

இது தானாகவே ஐஸ் உருக்கிக்கொள்கிற, இரண்டு கதவுள்ள நோ புரொஸ்ற் வகைக்கே பொருந்தும். பொத்தானை அமத்தி ஐஸ் உருக்குகிற ஒற்றைக் கதவுப் பெட்டியில் இப்படியொரு ஹீற்றரே கிடையாது. அதற்கு ஹீற்றர் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம். பெட்டியின் பக்கச் சுவர் சுடுகிறதென்று பயப்படவும் வேண்டாம். பல மாடல்களில் சூட்டை வெளிவிடும் குழாய் அந்தச் சுவருக்குள்ளேதான் ஓடுகிறது.

பிரீசரின் பின்பக்கத் தட்டைக் கழற்றினால் அலுமினியக் கொயில் தெரியும். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் நுழைகிற ஈரக் காற்று அதில்தான் பனியாகப் படிகிறது. கொம்பிரசர் ஏறத்தாழ 6 முதல் 12 மணித்தியாலம் ஓடியதும், ரைமரோ (நேரம் பார்த்து மாறும் சுவிச்), புது மாடலின் எலக்ரோனிக் போர்ட்டோ அதை நிறுத்திவிட்டு, கொயிலோடு பொருத்திய ஹீற்றருக்குக் கரண்ட் விடும். 20, 30 நிமிடத்தில் பனி உருகி, குழாய் வழியே கொம்பிரசருக்கு மேலுள்ள தட்டில் போய் விழும். ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் பனி மேலே மேலே ஏறிக் கொயிலையே அடைத்துவிடும். காற்றுப் போக வழியில்லாமல் கீழ்த்தட்டு சூடாகும். கார்த்திகை, மார்கழி மழையில் காற்றில் ஈரம் கூட என்பதால் இது இன்னும் விரைவாக நடக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், ஹீற்றர் செத்த பிரிட்ஜுகள் கூடச் சுகமாக இருந்திருக்கும். மின்சார சபையே ஐஸ் உருக்கிக் கொடுத்ததே!

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு, ஐஸை உருக்கிவிட்டுப் பிறகு காரணம் தேடுவது. ஐஸ்தான் சாட்சி. திருத்த வருபவர் "முதல் நாளே ஓஃப் பண்ணி வையுங்கோ அண்ணை" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்த நிலையில் பிளக்கைக் கழற்றி, தட்டைத் திறந்து, உருகுவதற்கு முன் பார்க்க வேண்டும், கைபேசியில் ஒரு படமும் எடுக்க வேண்டும். கொயில் முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஒரே வெள்ளையாக ஐஸ் மூடியிருந்தால் காஸ் போதியளவு இருக்கிறது, உருக்கும் வேலைதான் நடக்கவில்லை. காஸ் தொடங்கும் பக்கத்தில் மட்டும் இரண்டொரு சுற்றில் பனி பிடித்து, மற்றக் குழாய்கள் வெறுமையாக இருந்தால் காஸ் குறைவு. கதவு ரப்பர் விட்டுப்போன பெட்டியில் காற்று நுழையும் பக்கத்தை ஒட்டி ஐஸ் கூடுதலாகக் கட்டும். கொயில் துப்பரவாக இருந்து அடித்தட்டில் மட்டும் பாளமாக ஐஸ் கிடந்தால் தண்ணீர் போகும் துவாரம் அடைபட்டிருக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டாலே பாதி வேலை முடிந்தது. விசிறி நின்றுபோனாலும் மேலே குளிர், கீழே சூடு என்ற அதே கோலம்தான் வரும். ஆகவே பிளக்கைக் கழற்ற முதலே அது சுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமல் காஸ் சிலிண்டரைத் திறப்பவரிடம் பிரிட்ஜைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு அறிகுறியை வீட்டுக்காரர் பெரும்பாலும் பிரிட்ஜோடு சேர்த்து யோசிப்பதில்லை: சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ட்ரிப் சுவிச் விழுவது. ஹீற்றரின் உறை வெடித்து ஈரம் போயிருந்தால் அது ஓனாகும் நேரத்தில் மட்டும் கரண்ட் கசியும். வயரிங்காரர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அலுத்துப்போய் எர்த் வயரைக் கழற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரிட்ஜ் கதவைத் தொடும் பிள்ளைதான் எர்த்.

ஐஸைக் கத்தியாலோ ஸ்குறூ டிறைவராலோ குத்தவே வேண்டாம். அலுமினியக் குழாய் மெல்லியது, ஒரு சின்னத் துளை விழுந்தால் ஹீற்றர் செலவு காஸ் செலவாகவும் மாறும். ஆர் 600 ஏ என்று ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூற்றேன், தீப்பற்றும் காஸ். கொதிநீர் ஊற்றுவதும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து, ஒரு மேசை விசிறியை முன்னால் வைத்துவிட்டால் தானாக உருகும். தட்டின் கிளிப்புகள் குளிரில் நொறுங்கும், உருகவிட்டே இழுங்கள். பார்ப்பதற்காகத் திறக்கும்போதும் மெதுவாக.

இனி மீற்றர். பிளக் கழற்றிய பிறகுதான் கை வைப்பது. அதைச் சொல்லவும் வேண்டுமா? ஹீற்றரின் ஒரு முனையையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். நமது 230 வோல்ற்றில் 150 வாற்ஸ் ஹீற்றர் ஏறத்தாழ 350 ஓம் காட்டும், 120 வாற்ஸ் 440 ஓம் அளவில். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. ஓம் சரி என்று அதோடு நிற்காமல், முனைக்கும் உலோக உறைக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். அங்கே முடிவிலிதான் காட்ட வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது பைமெற்றலில். வட்டமாக, கொயில் குழாயில் கிளிப் போட்டிருக்கும் சின்னச் சுவிச் அது. குளிர்ந்தால்தான் அது இணையும். அறைச் சூட்டில் அளந்தால் முடிவிலிதான் காட்டும், காட்டவும் வேண்டும். அதைப் பார்த்து "இது போச்சு" என்று நல்ல பைமெற்றலை எறிந்தவர்கள் எத்தனையோ. ஐஸ் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் போதாது, பெரும்பாலானவை பூச்சியத்துக்குக் கீழே சில பாகை போனால்தான் இணையும். அடுத்த வீட்டுப் பிரீசரில் ஒரு மணித்தியாலம் வைத்து எடுத்த உடனே அளவுங்கள். மறுபுறமாக, அறைச் சூட்டிலும் இணைந்தே இருந்தால் அது ஒட்டிப்போனது, அதுதான் ஆபத்தானது. புது மாடல்கள் பலவற்றில் பைமெற்றலுக்குப் பதிலாக சென்சர் இருக்கும். அதைச் சுவிச் மாதிரிப் பார்க்கக்கூடாது, சூட்டுக்கு ஏற்ப அதன் ஓம் மாறுகிறதா என்றே பார்க்க வேண்டும்.

சூட்டுப் பியூஸ் வேறு பொருள். பெரும்பாலும் 72 அல்லது 77 பாகையில் ஒரே தரம் அறுந்து தன் கடமையை முடித்துக்கொள்ளும். அதை வெட்டிவிட்டு வயரை டிரெக்ராக முறுக்குவது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். பிரிட்ஜ் உள்ளே பிளாஸ்ரிக், சுவருக்குள்ளே பஞ்சு மாதிரியான போம், சில பெட்டிகளில் தீப்பற்றும் காஸ். அந்தப் பியூஸ் இல்லாமல் பைமெற்றல் ஒட்டிக்கொண்டால் ஹீற்றரை நிறுத்த வேறு ஆளில்லை. பியூஸ் சும்மாவும் அறுவதில்லை. புதுசு போட முதல், ஏன் சூடு அவ்வளவு ஏறியது என்று பைமெற்றலையும் போர்ட்டில் ஹீற்றருக்குக் கரண்ட் விடும் சுவிச்சான றிலேயையும் பார்த்தாக வேண்டும்.

ரைமரைப் பற்றிச் சுருக்கமாக. சில பழைய வகைகளில் ரைமர் மோட்டருக்குக் கரண்ட் ஹீற்றர் வழியாகவே போகும். ஹீற்றரோ பியூஸோ அறுந்தால் ரைமரும் நின்றுவிடும். ரைமர் நிற்கிறதென்று புது ரைமர் வாங்கினால் அதுவும் நிற்கும். ஐஸ் உருக்கும் நிலையிலேயே ரைமர் இறுகினால் கொம்பிரசர் எழும்பாது, உடனே "கொம்பிரசர் போச்சு" என்று பெரிய கணக்கொன்று வரும். கொம்பிரசருக்குக் காசு எண்ண முதல் ரைமரின் திருகாணியை மணிக்கூடு சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கிளிக் என்ற சத்தத்தோடு கொம்பிரசர் எழும்பினால் ரைமர்தான் குற்றவாளி.

சாமான் வாங்க ரவுணுக்குப் போகும்போது பழைய ஹீற்றரையும் மாடல் ஸ்ரிக்கரின் படத்தையும் கொண்டுபோங்கள். நீளமும் வளைவும் பொருந்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 115 வோல்ற் ஹீற்றரை 230 வோல்ற்றில் போட்டால் நாலு மடங்கு சூடு. வாற்ஸ் கூடினால் நல்லாக உருக்கும் என்பதும் தவறான கணக்கு. கண்ணாடி ரியூப் ஹீற்றரை வெறுங்கையால் பிடிக்காமல் துணியால் பிடியுங்கள். ஐசோபியூற்றேன் பெட்டிக்கு அதற்கென்றே செய்த ஹீற்றரைத்தான் கேளுங்கள், அதன் மேற்பரப்புச் சூடு கட்டுப்படுத்தப்பட்டது.

பொருத்தும்போது பைமெற்றலை முன்பு இருந்த அதே குழாயில், அதே இடத்தில், இறுக்கமாகக் கிளிப் போட வேண்டும். வயரில் தொங்கவிட்டால் அது கொயிலின் குளிரை அறியாது. வயர் இணைப்புகளுக்கு இன்சுலேசன் ரேப் மட்டும் சுற்றினால் சில மாதத்தில் தண்ணீர் இறங்கிவிடும். குருநகர், காரைநகர் போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று வேறு செப்பைப் பச்சையாக்கிவிடும். சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, இணைப்பைத் தண்ணீர் வடியாத உயரத்தில் கட்டுங்கள்.

முடிந்ததும் தட்டைப் பூட்டி, "குளிருது தானே" என்று காசு கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். ஐஸ் இல்லாத கொயில் எப்படியும் குளிரும். நாலைந்து மணித்தியாலம் ஓடவிட்டு, கொயில் உறைந்த பிறகு, ரைமரைத் திருப்பியோ அந்த மாடலுக்குரிய பொத்தானை அமத்தியோ ஐஸ் உருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கொம்பிரசர் நிற்க வேண்டும், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீற்றரில் 150 வாற்ஸ் ஹீற்றருக்கு 0.65 அம்பியர் அளவு காட்ட வேண்டும், கொஞ்ச நேரத்தில் கொம்பிரசருக்கு மேலுள்ள தட்டுக்குத் தண்ணீர் வர வேண்டும், பனி தீர்ந்ததும் ஹீற்றர் தானாக நிற்க வேண்டும். இந்த நாலையும் காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.